மஞ்சள் குளித்த ஸ்கீ

என் அக்கா ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். போன வருடம் பனிமலையில் சறுக்கப் போய் விழுந்து, முழங்காலைத் திருகிக்கொண்டு வந்தாள். ஆறு கிழமை லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் தங்கித் தடியோடு நடந்தாள். நானும் அவளுக்குப் பின்னால் அதே மாதிரி நொண்டிக்கொண்டு போவேன். தடியைத் தூக்கி எறிவாள். நானே பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பேன். பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கதவடியில் நின்று விசிலடித்ததும் நான்தான்.

இந்த வருடம் தை மாதம் திரும்பவும் அதே மலைக்குப் போகப்போகிறேன் என்று வந்து நின்றாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டா.

"உனக்கு விசரே பிள்ளை? விழுந்தது காணாதோ?"

"ஐஸிலை வழுக்கினதுதானே அம்மா. ஐஸுக்குப் பயந்தால் எங்கட வாசலுக்கும் போகேலாது. போன கிழமை அப்பா குப்பை வைக்கப் போய் வழுக்கேல்லையோ?"

அப்பா டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

போன முறை அவள் காலில் மாட்டிச் சறுக்கிய நீளப் பலகை, அதுதான் ஸ்கீ, வாடகைக்கு எடுத்தது. விறைத்துப்போன ஐஸில் திரும்பப் பார்த்தபோது ஸ்கீ கடிக்கவில்லை, அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. அதனால் இந்த முறை சொந்தமாக ஒரு சோடி வாங்கப்போகிறாளாம். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீதான் எடுத்துத் தாறாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்கே புதுமையாக இருந்தது.

நான் லண்டன் நடுவில் ஒரு ஸ்கீக் கடையின் பின்பக்கப் பட்டறையில் வேலை செய்கிறேன். அரை அங்குலம் பனி விழுந்தால் ரயில் நின்றுவிடுகிற ஊரில் ஸ்கீக் கடை. கணக்கில் இரண்டு முறை பெயில், கொலிஜைப் பாதியில் விட்டேன், பிறகு இங்கே வந்து மூன்று வருடமாக ஸ்கீயின் ஓரத்தில் ஓடுகிற இரும்பைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு எட்ஜ் என்று பெயர். ஐஸைக் கடிக்கிற பல் அதுதான். இவ்வளவு தெரிந்தும் நான் பனிமலையை நேரில் பார்த்ததில்லை. சறுக்கிப் பழகுகிற பிளாஸ்டிக் மேட்டில் இரண்டு தரம் சறுக்கியிருக்கிறேன், இரண்டு தரமும் குந்தினபடிதான் கீழே வந்தேன்.

வீட்டில் நான் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. அப்படிப்பட்ட ஒருவனிடம் அக்கா தன் முழங்காலைக் கொடுத்துவிட்டாள். பிழையாக எடுத்துக் கொடுத்தால் மற்ற முழங்காலும் போகும்.

கடைக்கு அவளோடு அப்பாவும் வந்தார். அப்பா தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை. தேங்காயைக் காதடியில் வைத்துக் குலுக்குகிற மாதிரி ஒரு ஸ்கீயைத் தூக்கிக் குலுக்கினார். பிறகு விரலை மடக்கித் தட்டினார்.

"உள்ளுக்கு என்னடா?"

"மரம் அப்பா. இளநீர் இல்லை."

"உங்கை நிக்கிறது இதை விட நீட்டம். ரெண்டும் ஒரே விலை. நீட்டத்தை எடு."

"இது சீலை இல்லையப்பா, மிச்சத்தை மடிச்சுத் தைக்க."

அக்கா தனக்கு வேண்டியதை விரல் விட்டு எண்ணினாள். "காலமை ஐஸிலை பிடிக்கவேணும். பின்னேரம் வெயிலுக்கு இளகிக் கட்டி கட்டியா வரேக்கை துள்ளி விளையாடவேணும். கல்லிலை பட்டாலும் உடையக் கூடாது."

"நீ ஸ்கீ கேக்கிறியோ, மாப்பிள்ளை கேக்கிறியோ?"

"மாப்பிள்ளை எடுத்து நாலு வருசம். நான் சொன்னதிலை ஒண்டும் அதிலை இல்லை."

நல்ல காலம் அத்தான் வரவில்லை.

அகலமான ஸ்கீகளை முதலில் ஒதுக்கினேன். புதுப்பனியில் அவை வள்ளம் மாதிரி மிதக்கும், ஐஸில் ஈரத் தரையில் ரப்பர்ச் செருப்பு மாதிரித்தான். சறுக்குப் பந்தயக்காரர் போடுகிற ஒடுங்கிய சோடி ஐஸை நன்றாகக் கடிக்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. ஒரு பிழை விட்டால் பிறகு மன்னிக்கவும் மாட்டாது, எங்கள் பெரியம்மா மாதிரி. கடைசியில் சுவரோரம் நின்ற ஒரு சோடியை எடுத்தேன். காலடியில் அகலம் ஒன்பது சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் வில் மாதிரி மேலே வளைந்திருக்கும், ஏறி நின்றால் எட்ஜ் முழு நீளத்துக்கும் ஐஸில் பதியும். நுனியும் வாலும் லேசாக மேலே எழும்பியிருப்பதால் கட்டிப் பனியில் குத்தி நிற்காது, திருப்பவும் சுலபம். உள்ளே மரம், அதற்கு மேலே நடுக்கத்தை அடக்க ஒரு மெல்லிய உலோகத் தகடு. எட்ஜ் இரும்பு தடிப்பம். எத்தனை வருடம் தீட்டினாலும் மிச்சம் இருக்கும்.

வாலை நிலத்தில் ஊன்றி, நடுவில் கை வைத்து அழுத்திக் காட்டினேன். வளைந்து, விட்டதும் துள்ளி நிமிர்ந்தது. அக்காவும் அழுத்தினாள். அது துள்ளியதும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம், நாடிக்கும் மூக்குக்கும் நடுவில் வந்தது, சரியான நீளம்.

"எல்லாம் சரி. ஆனால் உந்த வெண்டிக்காய்ப் பச்சை? வேறை நிறம் இல்லையோ?"

"ஐஸுக்கு நிறம் தெரியாது அக்கா."

அப்பா கடைசியாக ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எனக்குப் பயம் விடவில்லை. மூன்று நாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த எட்ஜைத் தீட்டினேன். எட்ஜில் நகத்தை மெல்ல இழுத்தால் நகத்திலிருந்து வெள்ளைத் தூள் உதிரவேண்டும். அதுதான் எங்கள் பட்டறைச் சோதனை. என் கட்டைவிரல் நகம் பாதி அந்தச் சோதனையிலேயே போனது. பிறகு ஸ்கீயை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

இவ்வளவு நல்லபிள்ளையாக இருந்தது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை அக்காவுக்கு போன் அடித்து, "கடையிலை பிழை விட்டிட்டம், உனக்கு வந்தது ரெண்டும் இடது கால் ஸ்கீ" என்றேன். ஸ்கீயில் இடது வலது என்றே ஒன்று கிடையாது. அவள் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, பையைத் திறந்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நான் படியில் இருந்து வீடியோ எடுத்தேன். அதற்குப் பிறகு என் முதுகில் விழுந்ததை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்கீயைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். ஒரு றப்பர்க் கல்லை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பக்கப் பொக்கெற்றில் வைத்தேன். எட்ஜில் துரு கிரு பிடித்தால் உரசுகிற கல், பார்த்தால் பள்ளிக்கூட அழிறப்பர் மாதிரியே இருக்கும். சும்மா வைக்க மனம் வரவில்லை. "விழுந்தால் இதாலை அழி" என்று கடதாசியில் எழுதிச் சுற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலையில் நிற்க, அம்மாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசல். வெண்டிக்காய்ப் பச்சை ஸ்கீ இரண்டும் சந்தனமும் குங்குமமும் பூசி, மாலை போட்டுக்கொண்டு நின்றன. புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், இதுவும் வாகனம்தானே என்பது அம்மாவின் கணக்கு. காரென்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கவேண்டும், இதில் சில்லு எங்கே என்று ஐயர் கேட்டிருக்கிறார். "பிள்ளை ஏறினால் தானா ஓடும் ஐயா" என்று அம்மா சொன்னாவாம். கடைசியில் அப்பா சப்பாத்துக் காலால் தேசிக்காயை நசித்தார். படத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன்.

சனி காலமை அத்தான் வந்து பையை எடுத்துக்கொண்டு போக, அக்காவும் அவரும் பறந்துவிட்டார்கள்.

குளிருக்கு இரண்டு நாள் குளிக்காத நான், ஞாயிறு காலமை பல் விளக்கப் போய்த்தான் திரையை விலக்கினேன். குளிக்கிற தொட்டியில் மஞ்சளாக ஒரு வட்டம்.

"அம்மா, ஆர் இஞ்சை மஞ்சள் பூசிக் குளிச்சது? அப்பாவோ?"

"மூடடா வாயை. அக்கான்ர ஸ்கீயைக் குளிப்பாட்டினனான்."

பிரஷ் வாயிலேயே நின்றது. கோயிலால் வந்து, சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று அம்மா இரண்டையும் தொட்டியில் வைத்து, மஞ்சள் தண்ணீரால் கழுவி, அதற்கு மேலே போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தையும் ஊற்றி, அப்படியே பைக்குள் வைத்து சிப்பை இழுத்திருக்கிறா.

"துடைச்சனீங்களோ?"

"தீர்த்தத்தை ஆரும் துடைப்பினமோ?"

இரும்பு. தண்ணீர். மூடின பை. வெள்ளி பின்னேரத்திலிருந்து.

நான் ஓடிப்போய் போனை எடுத்தேன். அக்கா மலைக்கு மேலே போகிற லிஃப்ட் வரிசையில் நின்றாள். பின்னால் காற்றுச் சத்தம்.

"அக்கா, ஏறாதை. எட்ஜ் துருப் பிடிச்சிருக்கும்."

"ஓமோ? இடது கால் துருவோ, வலது கால் துருவோ?"

"பகிடி இல்லையக்கா. அம்மா மஞ்சள் தண்ணியிலை கழுவித் துடைக்காமல் விட்டிட்டா."

"அது தெரியும், ஓரத்திலை இன்னும் மஞ்சள் ஒட்டியிருக்கு. வடிவாத்தான் இருக்கு. நான் வைக்கிறன், என்ர முறை வந்திட்டுது."

ஓரத்தில் ஒட்டியிருந்தது மஞ்சள் இல்லை. மூன்று வருடம் அந்த நிறத்தைத்தான் நான் தேய்த்துக் கழித்திருக்கிறேன். ஆனால் அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? பொய் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், உண்மை சொல்லும்போது எப்படி இருக்கும் என்று கேட்ட பழக்கமே இல்லை.

"அக்கா, ஒண்டே ஒண்டு செய். கையுறையைக் கழட்டி, நகத்தை எட்ஜிலை மெல்ல இழு. வெள்ளைத் தூள் வந்தால் போ. நான் பிறகு வாயே திறக்க மாட்டன். போன வருசம் நீ பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும். நான் விசிலடிச்சது அது எனக்குக் கேக்கேல்லை எண்டு நீ நினைக்கத்தான்."

காற்றுக்குள்ளே கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அம்மா கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றா.

"வழுக்குது," என்றாள் அக்கா. "தூள் வரேல்லை. விரலெல்லாம் செம்மஞ்சளா வருது. இது மஞ்சள் இல்லையடா."

"பயப்பிடாதை. பையின்ர பக்கப் பொக்கெற்றுக்குள்ளை ஒரு றப்பர்..."

"அதையோ? அதை நேற்றே குப்பைக்குள்ளை எறிஞ்சிட்டன்."

நான் படியில் இருந்துவிட்டேன். பகிடி எழுதிச் சுற்றாமல் மனிசர் மாதிரி ஒரு கல்லைக் கொடுத்திருந்தால் எறிந்திருப்பாளா? அதே மலை, அதே ஐஸ், அதே முழங்கால்.

போனுக்குள்ளே அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நீ சொன்ன ரெண்டு இடது காலுக்குப் பதில் இது," என்றாள் அக்கா. "கல் என்ர ஜக்கெற்றுக்குள்ளைதான் கிடக்கு. உன்ர கடதாசியோடை. என்ன செய்யவேணும், சொல்லு."

வீடியோவைப் போடச் சொன்னேன். வரிசையை விட்டு விலகி, பனியில் முழந்தாளிட்டு, நுனியிலிருந்து வால் வரைக்கும் ஒரே பக்கமாக உரசினாள். அமத்தாதே, மெல்ல, இன்னொரு தரம் என்று நான் இங்கே கிங்ஸ்பரிப் படியில் இருந்துகொண்டு சொன்னேன். செம்மஞ்சள் போய் இரும்பு மினுங்கத் தொடங்கியது. திரும்ப நகத்தை இழுத்தாள். கமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். வெள்ளைத் தூள்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் போன் வரவில்லை. அம்மா தோசை வார்த்தா, நான் சாப்பிட்டேன், எத்தனை என்று தெரியாது. அப்பா டிவியைப் போடவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "ஏதாவது கதையன்ரா, நீ சும்மா இருந்தால் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றா.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. முதலில் மூச்சு வாங்குகிற சத்தம்தான் வந்தது.

"அந்தச் சறுக்குப் பாதையாலை வந்திட்டன்ரா. நான் விழுந்த அதே வளைவு, கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஆனால் ஸ்கீ கவ்விச்சுது. கறுக் எண்டு ஒரு சத்தம், திரும்பியிட்டன். கீழை வெயில் பட்டு இளகின இடத்திலை ரெண்டு தரம் துள்ளியும் பாத்தன். பேந்து ஒரு கல்லிலை ஏறினனான். ஸ்கீயின்ர அடியிலை ஒரு சின்னக் கோடு மட்டும்தான்."

"முழங்கால்?"

"ரெண்டும் இருக்கு."

அம்மா கரண்டியை என் கையில் தந்துவிட்டுச் சாமியறைக்குப் போனா. அப்பா குசினி வாசலில் நின்று, "நான் தட்டிப் பாத்தனான், நல்ல மரம்" என்றார்.

"பாத்தியோ," என்று சாமியறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தீர்த்தம் காப்பாத்தினது."

அப்போது அம்மா என்ன சொல்லியிருந்தாலும் ஓம் என்றிருப்பேன். அந்த றப்பர்க் கல்லின் மற்றப் பாதி என் வேலைப் பையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே போய், முழந்தாளிட்டு, தொட்டியிலிருந்த மஞ்சள் வட்டத்தை நுனியிலிருந்து வால் வரைக்கும் ஒரே பக்கமாக உரசத் தொடங்கினேன். விசில் தானாக வந்தது.