பவுடர்காரரும் கனத்த ஸ்டீயரிங்கும்

பவுடர்காரர் எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட ஒர்க்‌ஷாப்பைக் காட்டும். ஆள் என்னவோ கரியில் புரட்டி எடுத்த மாதிரிதான் இருப்பார். பவுடர் அவருக்கில்லை, வண்டிக்கு. எண்ணெய் கசிகிற வண்டி வந்தால் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்க மாட்டார். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தூவுவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "சொட்டுற இடத்தப் பாத்து ஏமாறாதீங்க. கசியுற இடம் மேல எங்கயாவது இருக்கும்" என்பார். முப்பது வருஷமாக இதைச் சொல்லி அவருக்கு வாய் வலிக்கவில்லை. கேட்டவர்களுக்குத்தான் காது புளித்துப்போனது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, பவுடர்காரரின் தங்கை கணவர் தன் பழைய காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். ஆறு பிள்ளைகள், காலையும் மாலையும். பதினெட்டு வருஷமாக அந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. ஒரு நாள்கூட ஒரு பிள்ளையும் தாமதமாகப் போனதில்லை. அவர் பெருமை பேசினால் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

"ஸ்டீயரிங் கல்லா இருக்கு மச்சான். நேத்து வளைவுல திரும்பவே மாட்டேன்னுடுச்சு. மயிரிழையில சுவத்துல இடிக்காம தப்பிச்சோம். உள்ள ஆறும் இருந்துச்சு."

பவுடர்காரர் பானெட்டைத் திறந்தார். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் எண்ணெய் அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தது. வண்டிக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கத்து ரப்பர் உறையிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த உறைக்குள் இருப்பதையெல்லாம் கழற்றி மாற்றச் சொல்லியிருப்பான். இவர் துடைத்தார், தூவினார்.

"திருப்புங்க மாப்ள. ஓரத்துக்குப் போனதும் பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, பம்பு கெட்டுரும்."

மூன்றாவது தடவை திருப்பும்போது, பம்பிலிருந்து இறங்கும் குழாயில், ரப்பரும் இரும்பும் சேருகிற கழுத்தில் பவுடர் மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்புக் கோடு கீழே ஊர்ந்து ரப்பர் உறைக்குப் போனது.

"அகப்பட்டுக்கிச்சு" என்றார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

இரண்டு மணிக்குள் புதுக் குழாய் மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காற்றை வெளியேற்றி, மறுபடி பவுடர் தூவிப் பார்த்தார். ஒரு புள்ளி ஈரமில்லை.

மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது. "இன்னும் கனமாத்தான் இருக்கு மச்சான்."

இவர் ஓட்டிப் பார்த்தார். ஒரு விரலுக்குத் திரும்பியது. ஆனால் அவர் தன் கையை நம்பவில்லை. துருப்பிடித்த நட்டுகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய கைக்கு எது கனம், எது லேசு என்று என்ன தெரியும்? பம்பைச் சந்தேகப்பட்டார், பெல்ட்டைச் சந்தேகப்பட்டார், கடைசியில் தன் வேலையையே சந்தேகப்பட்டார். இவர்கள் சாப்பிட வரவில்லையே என்று தங்கை சாப்பாட்டோடு வந்து நின்றாள். அவளுக்குக் குச்சி மாதிரிக் கை.

"நீ உக்காந்து இதத் திருப்பிப் பாரு."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேண்ணே."

"ஓட்ட வேணாம். திருப்பு, போதும்."

எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தார். அவை தடையில்லாமல் இந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கம் போயின. நிமிர்ந்தபோது தங்கை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே நின்ற கணவரைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, கனமாத்தான் இருக்கு" என்றாள்.

சின்ன வயதில் சர்க்கரையைத் திருடித் தின்றால், யாரும் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டு அழுகிறவள் அவள். அவள் பொய் சொல்கிறாள் என்று பவுடர்காரருக்குப் புரிந்தது. அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு, பம்பையும் மாற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் தள்ளலாம். ஆனால் ஆறு பிள்ளைகள்.

தன் கைகளைத் துடைத்து மாப்பிள்ளைக்கு முன்னால் நீட்டினார். "ரெண்டையும் இறுக்கிப் பிடிங்க."

வலது கையின் பிடியில் விரல் நொறுங்குகிற மாதிரி இருந்தது. இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள. எத்தனை நாளா இப்படி?"

தங்கைதான் சொன்னாள். "ரெண்டு மாசமா சட்டைப் பட்டன நான்தான் போட்டு விடுறேண்ணே."

"காலைல டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்."

மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். குனிந்து எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு நீட்டினார். "நாலு மணிக்கு ஸ்கூல் விடுது. லேட்டாகக் கூடாது மச்சான்."

அவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. சீட் பெல்ட்டோடு இடது கை தடுமாற, தங்கை குனிந்து அதை மாட்டிவிட்டாள். பவுடர்காரர் வண்டியை எடுத்தார்.

"வர்றப்ப அந்த வளைவுல மெதுவாப் போங்க" என்றார் மாப்பிள்ளை, ரோட்டையே பார்த்தபடி. "இருக்கறதுலயே சின்னப் புள்ள, அங்க வரும்போது தூங்கியிருக்கும்."