தண்ணீர் மட்டும் ஊற்றிய மச்சான்

புகையிலைக் கன்றின் பிசின் கையில் ஒட்டினால் லேசில் போகாது. சவர்க்காரம் போட்டாலும் போகாது. மத்தியானம் சோறு பிசைந்து வைக்கிற முதல் வாய் கசக்கும்... அப்போதுதான் தெரியும், நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது என்று.

அந்தக் கசப்பு நாக்கில் பட்டு எட்டு வருஷமாகிறது.

கற்பிட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணல். மழை விட்டதும் வாப்பா கிணற்றடியில் பாத்தி கட்டி, தானே எடுத்து வைத்த விதையைத் தூவி, மேலே தென்னங்கிடுகு பரப்பிக் கன்று வளர்ப்பார்.

அந்த வருஷம் கன்று நன்றாக வந்தது. நடுகிற நேரம் பார்த்து வாப்பாவுக்குச் சிலாபத்தில் கண் ஒப்பரேஷன். குனியக் கூடாது, தூசி படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூலிக்கு வருகிற பெண்கள் எல்லாரும் வெங்காயம் பிடுங்கப் போய்விட்டார்கள். கன்றோ கழுத்து நீண்டு போய் நிற்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் நட்டும் பிரயோசனமில்லை, மறுபடி விதை போடக் காலமும் இல்லை. அந்த வருஷத்துச் சாப்பாடு அந்தப் பாத்தியில்தான் நின்றது.

உம்மா, எனக்கு மூத்தவள் ராத்தா, நான். மூன்று பேர்.

நாலாவதாக வீட்டில் ஒருவர் இருந்தார். ராத்தாவின் மாப்பிள்ளை. கல்யாணமாகி ஆறு மாதம், எங்களோடுதான் இருந்தார். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர். வந்த புதிதிலேயே வாப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டார், புகைத்து மனிசன் சாகிற சாமானில் கை வைக்க மனம் ஒப்பவில்லை என்று. வாப்பா கோபிக்கவில்லை. அப்போ நீங்கள் வெங்காயத்தைப் பாருங்கள் மருமகன் என்றார். அவருக்கு அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அதே புகையிலையில் வந்த சோற்றைத்தானே சாப்பிடுகிறார்? அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஏசி, ப்ரிட்ஜ் வேலையில் டிப்ளோமா முடித்த சூடு. எதிலும் லாஜிக் இருக்க வேண்டும்.

வாப்பா சொன்னது, வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி நடச் சொல்லி. இரண்டு நாள் வேலை. எனக்கு மறுநாள் காலை கொழும்பில் இன்டர்வியூ. நான் படித்தது வேறு மாதிரி: ஒரு வேலையை முழுக்க முடி, பிறகு அடுத்ததைத் தொடு. காலையிலேயே பாத்தி முழுவதையும் பிடுங்கி ஓலைக் கடகங்களில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டால்...

கரண்ட் இல்லை. ஊருக்கே இல்லை.

சாக்கு காய்ந்தது. கன்றெல்லாம் துவண்டு தலை சாய்ந்தது. எங்கள் கிணறு ஆழமில்லை, படியில் இறங்கிப் பூவாளியை முக்கி எடுக்கலாம். ஆனால் சுமக்கப் போனால் நட ஆளில்லை, நட்டால் சுமக்க ஆளில்லை. மோட்டார் சத்தம் கேட்கவில்லையே என்று வாப்பா கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலில் நின்று கேட்டார். உம்மா ஒன்றும் பேசாமல் நட்டுக்கொண்டே போனார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மச்சான் வந்தார். கடகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வேலியில் கொழுவினார். சாரத்தை மடித்துக் கட்டி, இரண்டு பூவாளிகளையும் எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம். என் வாயில் வந்தது வேறு.

"தண்ணி ஊத்தினா மட்டும் ஹராம் இல்லயா மச்சான்?"

ராத்தா மண்ணில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

அவர் நிற்கவில்லை. ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அது எனக்குத் தெரியா தம்பி. வாடுறதப் பாத்துட்டு நிக்க ஏலாது. அவ்வளவுதான்."

கன்றை அவர் தொடவே இல்லை. தண்ணீர் பட்டு ஒன்று சாய்ந்தால், "இந்தா, ஒண்டு விழுந்திட்டுது" என்று ராத்தாவைக் கூப்பிடுவார். ராத்தா ஓடி வந்து நிமிர்த்துவாள். கொஞ்ச நேரத்தில் ராத்தா களப்புப் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டாள். ஒரு கன்று சேற்றில் படுத்துவிட்டது. மச்சான் கூப்பிடவில்லை. பூவாளியோடு அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்தது நான்தான்.

குனிந்தேன். நிமிர்த்தி, மண் அணைத்தேன். அவர் அடுத்த கன்றுக்குப் போனார். நானும் போனேன்.

அவர் ஊற்ற, நான் நிமிர்த்த... மேற்கு வெயில் படாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவரசம் இலையைக் குத்தி வைத்தேன்.

"மாப்பிள்ளட தண்ணி, மகன்ட கை," என்றார் உம்மா. "ரெண்டும் சேந்தாத்தான் எனக்கு ஒரு முழு ஆள்."

அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன் கடகம் காலி. கடற்பக்கத்து வரிசைகளில் கொஞ்சம் செத்தது, மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டது. மறுநாள் கொழும்பு பஸ்ஸில் பணிஸ் சாப்பிட்டேன்... கசந்தது.

இப்போது அந்தத் தோட்டத்தில் மிளகாய். குனிய முடியாமல் போனதும் வாப்பா புகையிலையை விட்டுவிட்டார். நான் போட்ட சொட்டுநீர்க் குழாய், டைமர் தானே திறந்து தானே மூடுகிறது. பூவாளி தூக்க யாரும் தேவையில்லை. மச்சான்தான் எல்லாம் பார்க்கிறார். அந்தக் கேள்விக்கு அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் கொழும்பில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, இங்கே டூரிஸ்ட் ஹோட்டல்களில் ஏசி, ப்ரிட்ஜ் பார்க்கிறேன். பார் ப்ரிட்ஜும் வரும். கம்ப்ரஸரைக் கழற்றுவேன், காஸ் அடிப்பேன். உள்ளே இருக்கிற போத்தலை மட்டும் தொடமாட்டேன். ஒரு ஹோட்டலில் பார் பார்க்கிற உடப்பு ஊர்க்காரன், என் வயதுதான், முதல் நாளே கேட்டான்.

"பாஸ், போத்தலத் தொட்டாத்தான் பாவம், கூலாக்கிக் குடுத்தா பாவமில்லயா?"

லாஜிக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. "தெரியா," என்றேன். உண்மையிலேயே தெரியாது.

பிறகு அவன் கேட்கவில்லை. எனக்குப் போனில் கோல் எடுக்க முன்பே போத்தலெல்லாம் இறக்கி வைத்துவிடுவான். போன கிழமை ஒன்று மட்டும் மூலையில் மறந்து கிடந்தது. நான் ஸ்குரூட்ரைவரோடு நின்றேன். அவன் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவன் வந்தான், ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்துக்கொண்டு போனான்.

நானும் அன்றைக்குத் தோட்டத்தில், அந்தக் கேள்வியைக் கேட்காமல், முதலிலேயே குனிந்திருக்கலாம்...