கொக்கும் பச்சைக் கதவும்

பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டுகிறார். பிடிக்கவில்லை, அவிழ்க்கிறார். மறுபடியும் கட்டி, சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இருப்பதில்லை. புல்லை ஒழுங்காக வெட்டாதவனுக்கு ஒரு திட்டு, பந்தில் காற்றை அளவுக்கு மீறி அடைத்தவனுக்கு ஒரு திட்டு, முந்தைய நாள் வராமல் போன தூக்கத்துக்கும் ஒன்று. உடை மாற்றும் அறையில் மற்ற ஆட்டக்காரர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இவர்தான் காரணம். கொக்கு திட்டி முடித்து எழுந்தால், மைதானத்துக்குள் போகும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கொக்கு என்பது பட்டப்பெயர். நீண்ட ஒல்லிக் கால்கள் ஒரு காரணம் என்றால், அவர் நிற்கும் விதம் அதைவிடப் பெரிய காரணம். எல்லோரும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும்போது கோல் அடிக்க வேண்டிய இந்த ஸ்ட்ரைக்கர் மட்டும் எதிரணி கோலுக்கு முன்னால் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். "ஓடுடா சோம்பேறி!" என்று கேலரியிலிருந்து கத்துவார்கள். பந்து வந்து விழும் இடத்தில் இவர் முன்கூட்டியே போய் நின்றதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"கத்துறவன் எல்லாம் பந்தைப் பாக்குறான். நான் பந்தையா பாக்குறேன்? என்னை மறிக்கிறவனோட இடுப்பைப் பாக்குறேன். இடுப்பு ஒரு பக்கம் திரும்பிச்சுன்னா, மறு பக்கம் நமக்கு. கண்ணாலயும் தோளாலயும் ஏமாத்துவானுங்க. இடுப்பால ஏமாத்த முடியாது" என்பார். இதைச் சொல்லும்போதும் யார் மேலோ கோபமாக இருப்பது போலத்தான் இருக்கும்.

வீட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறார். வாயைத் திறந்தவர்களைச் சமாளிப்பது அவருக்குத் தொழில் என்பதால் கொக்கையும் சமாளிக்கிறார். தோற்ற நாட்களில் கொக்கு ஃப்ரிட்ஜ் கதவோடு சண்டை போடுவார், செருப்போடு சண்டை போடுவார். "இங்க யாரும் ஆஃப்சைடு கொடி தூக்கல. உக்காந்து சாப்பிடுங்க" என்று ஒரு சத்தம் போட்டால் அடங்கிவிடுவார். சாப்பிட்டதும் இடது முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். ஐஸ் உருகி மெத்தை நாறிப்போனதிலிருந்து அவர் பக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் விரித்திருக்கிறது.

அந்த முழங்காலுக்கு ஒரு கதை இருக்கிறது. அவருடைய கோபம் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது.

பழைய கிளப்பில் அவர் எட்டு வருஷம் ஆடினார். அங்கே ஒரு கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்னால் முழங்கால் வீங்கிப் பூசணிக்காயாக இருந்தது. ஆட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கிளப் டாக்டர், நிர்வாகியின் முகத்தைப் பார்த்துவிட்டு வலியை மரக்கச் செய்யும் ஊசியைக் குத்தினார். "பாதி ஆட்டம் மட்டும் ஆடிக் குடுப்பா. நீ நம்ம வீட்டுப் பிள்ளை" என்று நிர்வாகி முதுகில் தட்டினார். வீட்டுப் பிள்ளை ஆடினார். கோலும் போட்டார். வலி தெரியாததால் உள்ளே தசைநார் கிழிந்ததும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தோடு வந்த நிர்வாகி, "உன் இடம் உனக்குத்தான். நிதானமா வா" என்றார். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஊசி குத்தி அனுப்புவாரா அந்த மனுஷன் என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கொக்கு நிதானமாகத்தான் வந்தார். நடக்கப் பழகி, ஓடப் பழகி, பந்தை உதைக்கப் பழகி, ஒரு காலையில் மைதானத்தின் பக்கவாட்டில் இருக்கும் பச்சைக் கதவுக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் நுழையும் வழி அது. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. கார்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினார். சிவப்பு.

"கார்டு தேஞ்சு போச்சு போல. கொஞ்சம் தொறங்கண்ணே" என்றார், உள்ளே நின்ற காவலாளியிடம்.

காவலாளி தரையைப் பார்த்தார். "தம்பி… உங்களை உள்ள விட வேணாம்னு சொல்லிட்டாங்க."

பிறகு கம்பி இடுக்கு வழியாக ஒரு கறுப்புப் பை வந்தது. குப்பை அள்ளும் பை. அதற்குள் பூட்ஸ், முழங்கால் பட்டை, துண்டு, பல் துலக்கும் பிரஷ். கொக்கு அன்றைக்குத் திட்டவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் அவர் வாய் அடைத்துப் போனது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இப்போது திட்டிக்கொண்டிருக்கிறார் என்று மனைவி சொல்கிறார்.

"மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை போதும். 'கால் போச்சு, நீ வேணாம், போ'ன்னு. சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். ஒரு பூட்டை விட்டுச் சொல்லச் சொன்னானுங்க பாருங்க!"

இரண்டாம் வரிசை கிளப் ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அது இந்த வருஷம் முதல் வரிசைக்கு ஏறி வந்தது. பழைய மைதானத்தில் பழைய கிளப்போடு ஆட்டம் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கோல் போட்டால் கை தூக்குவாயா?

கால்பந்தில் அப்படி ஒரு வழக்கம். முன்பு ஆடிய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டவன் கொண்டாடக் கூடாது. இரண்டு கையையும் உயர்த்தி, மன்னித்துவிடுங்கள் என்பது போல அந்தக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் செய்யாதவனை நன்றி கெட்டவன் என்பார்கள்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். யாரோடும் உரசாமல் வண்டி ஓட்டி முடித்தவர். "கையத் தூக்கிட்டு வந்துருங்க மாப்பிள்ளை. நாலு பேர் பெருமையா பேசுவாங்க. எட்டு வருஷம் சோறு போட்டவங்க இல்லையா?"

"நான் கோல் போட்டேன், அவங்க சோறு போட்டாங்க. சரியாப் போச்சு மாமா. மன்னிப்பு கேக்குறதுக்கு நான் என்ன அவங்க வீட்டுல புகுந்து திருடினேனா?"

மாமனார் மகளைப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு மேலயே இருக்கும்மா" என்றார்.

"இருக்கட்டும்ப்பா. கால் அவரோடது" என்றார் மகள்.

கொக்கு வேறு திட்டம் வைத்திருந்தார். கோல் விழுந்ததும் நிர்வாகி உட்காரும் மாடத்துக்குக் கீழே நேராக ஓடுவது. ஊசியிலிருந்து குப்பைப் பை வரை அத்தனையையும் ஊரே கேட்கக் கத்துவது. அந்த ஆளின் தலை ஒரு தடவையாவது குனிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆட்டத்தின் இரண்டாம் பாதி. யாரோ அடித்த பந்தைக் கீப்பர் பிடிக்கப் பார்த்து நழுவ விட்டார். நழுவிய இடத்தில் கொக்கு நின்றுகொண்டிருந்தார். காலை லேசாக நீட்டினார், பந்து உள்ளே போனது. மைதானம் அடங்கிப் போய் அவர் கைகளையே பார்த்தது. அவர் ஓடினார். மாடத்துக்குக் கீழே போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, அண்ணாந்து பார்த்தார்.

நிர்வாகி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து ஆளிடம் இவரைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னார். உதட்டசைவிலேயே புரிந்தது. "நம்ம பையன்."

திட்டுகிறவனைத் திட்டலாம். கைதட்டுகிறவனை என்ன செய்வது? ஒரு வாரம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட இதற்குப் பொருந்தவில்லை. அந்த மனுஷனுக்குக் கூச்சமே இல்லை. தான் செய்தது அவருக்கு ஞாபகமாவது இருந்ததா என்பதே சந்தேகம். கொக்கின் கைகள் உயரவில்லை. இரண்டும் முஷ்டியாகத் தொடையோடு ஒட்டிக் கிடந்தன. அப்படியே திரும்பி நடந்தார். மறுநாள் பத்திரிகைகள் அவர் கண்ணியமாக நடந்துகொண்டதாக எழுதின. "கண்ணியமாம்! வெங்காயம்" என்று அதையும் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகைக்காரர்கள் பார்க்காத ஒன்று ஆட்டம் முடிந்தபின் நடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி, தன் கிளப் பஸ்ஸைத் தேடி வெளிப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் அந்தப் பச்சைக் கதவு. இந்த முறை அகலத் திறந்திருந்தது. அதே காவலாளி உள்பக்கம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீசை நரைத்திருந்தது.

"மேல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க தம்பி. பழைய ஆட்டக்காரங்களோட படமெல்லாம் மாட்டியிருக்காங்கள்ல, அங்க உங்களை நிக்க வச்சு போட்டோ எடுக்கணுமாம். வாங்க. கார்டெல்லாம் வேணாம்."

கொக்கு கதவையும் அதற்கு அப்பால் தெரிந்த படிக்கட்டையும் பார்த்தார்.

காவலாளி குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல தம்பி."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. கையக் கொஞ்சம் எடுங்க, நசுங்கிரும்."

காவலாளி கையை எடுத்தார். கொக்கு வெளியே நின்றபடியே கதவைத் தன் பக்கம் இழுத்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ்ஸை நோக்கி இரண்டடி வைத்தவர், திரும்பி வந்து, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.