கடல் உள்வாங்கிய ஞாயிறு: புக்கிட் ரம்பாயில் ஒரு சபை தொடங்கிய நாள்

மலாக்கா என்றதும் சிவப்புக் கட்டடமும் ஆற்றுப் படகும் வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன மாதம் நான் போனது என் தங்கை செல்வியின் ஞானஸ்நானத்துக்கு. அவள் குடியிருக்கும் புக்கிட் ரம்பாயில் புதிதாக ஒரு பாப்டிஸ்ட் சபை தொடங்கினார்கள். அதே நாளில் அவளுக்குக் கடலில் முழுக்கு. என்னைப் பற்றி வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஈப்போக்காரன், பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்த் தூண்டில் போடுகிறவன், நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசலைத் தாண்டாதவன்.

செல்வி போன் செய்தபோதே எனக்கு மனசு சரியில்லை. "ஞாயித்துக்கெழம காலையில சர்வீஸ்ணே. பன்னெண்டரைக்கு தஞ்சோங் கிலிங் கடல்ல முழுக்கு. நீங்க வந்துதான் ஆகணும்," என்றாள். பார்க்கலாம் என்று போனை வைத்தேன். வைத்ததும் கை தானாகக் கைப்பேசியில் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைத் திறந்தது. தூண்டில்காரனுக்குக் கடல் என்று காதில் விழுந்தால் அதுதான் முதல் வேலை. அந்த ஞாயிறு மதியம் 12.40க்கு அங்கே கடல் முழுதாக இறங்கியிருக்கும். சரிவே இல்லாத கரை அது. தண்ணீர் வெகுதூரம் போய்விடும், மிஞ்சுவது சேறு. முழங்கால் நனையாத இடத்தில் ஆளை எப்படி முழுக வைப்பது?

உடனே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடக்காமல் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த காரியம் அதுதான், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை 8.30க்கு ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் பஸ். கட்டணம் 44 வெள்ளி (ரிங்கிட்). தாப்பாவில் இருபது நிமிடம் நின்றது, கோலாலம்பூரைத் தாண்டும்போது நெரிசல், மலாக்கா சென்ட்ரலில் இறங்க மணி 1.50. பையில் மாற்றுத்துணியை விட எடை அதிகமாக எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்புனில் விளைந்த பம்பளிமாஸ் பழம் நான்கு. கோபம் இருந்தாலும் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா?

அங்கிருந்து புக்கிட் ரம்பாய் பத்து கிலோமீட்டர் சொச்சம், காருக்கு 14 வெள்ளி. ஓட்டுநர் குணா நம்மாள். ஏறியதும் முதல் கேள்வி, "அண்ணே, புக்கிட் ரம்பாயா, சுங்கை ரம்பாயா? நல்லா பாத்துச் சொல்லுங்க. போன வாரம் ஒருத்தரு ஆப்புல தப்பா அமுக்கி ஜொகூர் பார்டர் கிட்ட வரைக்கும் போயிட்டு வந்தாருலா." இரண்டும் மாநிலத்தின் இரண்டு கோடி. நீங்களும் கவனமாக அமுக்குங்கள்.

வழியெல்லாம் தொழிற்சாலை, அதை ஒட்டி வரிசை வீடு, அதற்குப் பின்னால் மண் வெட்டிப் போட்ட புதுத் தாமான், அதாவது குடியிருப்பு. "நியாலாஸ் பக்கம் எஸ்டேட்ல இருந்தவங்க பாதிப் பேரு இப்ப இங்கதாண்ணே," என்றார் குணா. "பேக்டரி பஸ் வீட்டு முனையிலயே ஏத்திக்குது. வீடு கட்டக் கட்ட ஆளு வந்துகிட்டே இருக்கு."

செல்வியும் அப்படி வந்தவள்தான். தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. அவள் கணவர் மணியத்துக்குச் சிறுநீரகம் பழுதாகி, கடைசி ஒன்றரை வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அந்தத் தாமானில் ஒரு வீட்டு ஹாலில் கூடி ஜெபம் செய்துகொண்டிருந்த சிலர் முறை வைத்துக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்திருக்கிறார்கள். நான் அந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை வந்தேன், பழத்தோடு. மாப்பிள்ளை போன பிறகு அவள் அவர்களோடு உட்கார ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவள் யாரைக் கும்பிடுகிறாள் என்பதிலும் எனக்கு வருத்தம் இல்லை. என் இடத்தில் வேறு யாரோ நின்றுவிட்டார்கள் என்ற கடுப்பு, அவ்வளவுதான்.

சாயங்காலம் பாஸ்டர் டேனியல் வந்தார். நாற்பது வயது இருக்கும், நியாலாஸ் தோட்டத்தில் பிறந்தவர், வார நாளில் மெஷின் பழுது பார்க்கும் டெக்னீஷியன். கையில் தடியான ஒரு கோப்பு. இரண்டு வருடத் திட்டம் முழுக்க அதில் இருந்தது. தெருவாரியாகக் கையால் வரைந்த வரைபடம், எந்த வீட்டில் எந்த ஷிப்ட் என்று கலர் பென்சில் குறி. வீடு வீடாகப் போய் உங்களுக்கு என்ன தேவை என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் என்றார்கள் நிறையப் பேர். அதனால் ஆராதனைக்கு ஒரு வருடம் முன்பே டியூஷன் தொடங்கிவிட்டது. இரவு ஷிப்ட் காலை ஏழுக்கு முடிகிறது. குளித்துவிட்டு வர வசதியாக ஆராதனை எட்டரைக்கு, பத்தரைக்குள் முடிந்தால்தான் போய்த் தூங்க முடியும். செருப்பு அடுக்கப் படிக்கட்டில் பலகை, கார் நிறுத்தக் கீழ்க்கடைக்காரரின் சம்மதம் என்று எதையும் விடவில்லை.

மறுநாள் போடப்போகும் கையெழுத்தைப் பற்றியும் அவரே விளக்கினார். முழுக்கு எடுத்தவர்கள் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது சபை, அதுவரை வெறும் கூட்டம். தொடக்க உறுப்பினர் ஒன்பது பேர். எட்டுப் பேர் சிரம்பானில் உள்ள தாய்ச் சபையிலேயே முழுக்கு எடுத்தாயிற்று. செல்வி மட்டும் இங்கேதான், தன் ஆட்களுக்கு நடுவில்தான் என்று காத்திருந்தாள். முதல் ஒன்பதில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மாப்பிள்ளையைச் சுமந்து காரில் ஏற்றியவர்கள் மற்ற எட்டுப் பேர்.

"கடல் பக்கம் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தோம்ணே. ஒரு நாள் வேல முடிஞ்சு ஆறு மணிக்குப் போனோம். தண்ணி இடுப்பளவு, அருமையா இருந்துச்சு."

ரப்பர் தோட்டத்துப் பால் மரக் காட்டில் வளர்ந்தவர். கடலிலிருந்து ஆறு கிலோமீட்டரில் இத்தனை வருடம் குடியிருந்தும், கடல் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்புகிறார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தேநீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஞாயிறு காலை மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி. நாற்பது நாற்காலியில் முப்பத்தாறு பேர், நாலைந்து பேர் தொழிற்சாலைச் சட்டையோடு. கடைசி வரிசையில் திருநீற்றோடு நான். யாரும் முறைக்கவில்லை. ஒருவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். பாட்டு நன்றாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பத்தரைக்கு முடித்து, சாப்பாட்டைக் கட்டி, நாலு காரிலும் ஒரு வேனிலுமாகக் கடற்கரை சேர்ந்தோம். மணி 12.25.

கடல் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. சிரம்பானிலிருந்து வந்திருந்த பெரிய பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "தண்ணி எங்கலா போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். நடந்தே தண்ணீரைப் பிடிக்கிறேன் என்று ஒருவர் இறங்கினார். பத்தாவது அடியில் முழங்கால் வரை புதைந்து, திரும்பும்போது ஒரு செருப்போடு வந்தார்.

பெரிய பாஸ்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். எட்டுப் பேர் இன்று கையெழுத்துப் போடட்டும். சிஸ்டர் அடுத்த மாதம் சிரம்பான் வரட்டும், அங்கே தொட்டி இருக்கிறது.

"சரிங்க பாஸ்டர்," என்றாள் செல்வி. அழவில்லை. கையில் வைத்திருந்த துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். மாப்பிள்ளை இறந்த அன்றும் அவர் துண்டை அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வரும்," என்றேன். "அஞ்சரைக்கு இங்க இடுப்பளவு நிக்கும்."

எப்படித் தெரியும் என்றார்கள். கைப்பேசியைக் காட்டினேன். செல்வி அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத எப்ப பாத்தீங்க?"

"நீ போன் பண்ண அன்னைக்கே."

எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பாஸ்டர் டேனியல்தான் சிரித்தார். "ரெண்டு வருஷம் பிளான் போட்டோம்ணே. கடலுக்கும் ஷிப்ட் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாம போச்சே."

அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன் இல்லை.

காத்திருப்பதில் ஒரு சிக்கல். செல்விக்கு அன்று இரவு ஷிப்ட், பேக்டரி பஸ் 6.20க்கு. முடிவு யார் எடுப்பது என்று பார்த்தால், இவர்களிடம் பாஸ்டர் சொன்னால் ஆயிற்று என்ற வழக்கம் கிடையாதாம். "நீங்கதான் சபை, நீங்களே தீர்மானிங்க," என்றார் பெரியவர். காத்திருக்கலாம் என்று எட்டுக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அந்தச் சபையின் முதல் தீர்மானம் சேற்றைப் பார்த்துக்கொண்டு எடுத்ததுதான்.

அப்புறம் ஐந்து மணி நேரம் சவுக்கு மரத்தடியில். கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பாயில் தூங்கினார்கள், வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. நான் தள்ளி உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்தேன். பிள்ளைகள் சுளை வாங்க வந்தார்கள், பின்னாலேயே பெரியவர்களும். டேனியல் கோப்பைக் கொண்டுவந்து, "வேற என்னாண்ணே விட்டுருக்கோம்?" என்று கேட்டார். அந்த மேல்மாடியில் புது மனிதனுக்குக் கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை, அம்புக்குறி ஒட்டுங்கள் என்றேன். சிரத்தையாக எழுதிக்கொண்டார். நாலு மணிக்கு மேல் செல்வி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுளை எடுத்துத் தின்றாள்.

5.20க்குத் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது. சேற்றில் கால் வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேட்டியை மடித்துக்கட்டி, குடையால் குத்திப் பார்த்து மணல் திட்டாகத் தேடிக்கொண்டு முன்னால் போனேன். எனக்கு அடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தபடி செல்வி, அவளுக்குப் பின்னால் டேனியல். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். இடுப்பளவு வந்ததும் அவள் கையை டேனியலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன்.

பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து முழுதாக மூழ்க வைத்துத் தூக்கினார். கரையில் பாட்டு எழுந்தது. முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எம்மேல கோவம்னா நேரா திட்டுங்கண்ணே. கடல வச்சுச் சொல்லாதீங்க," என்றாள்.

"தப்புதாம்மா," என்றேன்.

வேனின் முன்மூடியில் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது பெயரில் தண்ணீர் சொட்டி மை கொஞ்சம் பரவியது. மணி 5.45. ஈரத் தலையோடு 6.20 பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனாள்.

போக நினைப்பவர்களுக்கு: புக்கிட் ரம்பாயிலிருந்து அந்தக் கரைக்குக் காரில் பன்னிரண்டு நிமிடம். குடையும் மாற்றுச் செருப்பும் அவசியம். பம்பளிமாஸ் நான்கு போதாது. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் டேனியல் மாதிரி வீடு வீடாகப் போய்க் கேளுங்கள், கூடவே தூண்டில்காரன் ஒருவனையும் கேளுங்கள். அந்தத் தூண்டில்காரன் நீங்களாக இருந்தால், கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

போன வாரம் டேனியல் கூப்பிட்டார். இன்னும் இரண்டு பேர் முழுக்குக்குத் தயாராம், எந்த ஞாயிறு வைக்கலாம் என்று கேட்டார். அட்டவணையைப் பார்த்துத் தேதியும் நேரமும் சொன்னேன். கையோடு செல்வியையும் கூப்பிட்டு அதையே சொன்னேன்.

"சரியா பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

இரண்டு தடவை பார்த்துவிட்டேன் என்றேன். பஸ் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.