வெள்ளிக்கிழமை ஊற்றிய எண்ணெய்

மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது அந்தக் கிளட்ச் பெடல். மாமா அதற்கடியில் காலை நுழைத்துத் தூக்கிவிட்டார். மறுபடி மிதித்ததும் மறுபடி படுத்தது. மந்தைவெளியில், மாமா வீட்டு வாசலில், ஒரு சனிக்கிழமைக் காலை. அம்மாவின் அண்ணாவான அவர் வீட்டில் தங்கி நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் திங்கட்கிழமைதான் திருவல்லிக்கேணி மெக்கானிக் பாய் வந்து, கிளட்ச் சிலிண்டருக்குள் புது ரப்பர் போட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் தெருவில் ஏழு கார்கள், ஏழுக்கும் அவர்தான்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மாமா வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பானெட்டைத் திறந்து எல்லாவற்றையும் கழுத்துவரை நிரப்புவார். வெள்ளிக்கிழமை வண்டியில் எதுவும் குறைவாக இருக்கக்கூடாது என்பது அவர் ஏற்படுத்திக்கொண்ட சட்டம். முந்தின நாள் கிளட்ச் டப்பாவில் எண்ணெய் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. அதற்குரிய பிரேக் ஆயில் வீட்டில் இல்லை. மாமியின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்துவரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தது நான். "எண்ணெய்தானேடா, எதானா என்ன" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

சொல்லி அனுப்பியதும் பாய் வந்து டப்பா மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்க ரப்பர் ஊறிப்போன அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. விரலை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். மிஷின் எண்ணெய் வாசன வருது. இது பட்டா ரப்பர் ஊதிக்கும், பெடல் எங்கருந்து ஏந்துக்கும்? யாரோ ஊத்திகீறாங்க."

"என் வண்டியை என்னைத் தவிர யாரும் தொடறதில்லை. மட்டமான ரப்பரைப் போட்டுட்டு என் ஆத்து மேல பழி போடறியா?"

எதிர்வீட்டு வக்கீல் கேட் மேல் கை வைத்தபடி கேட்டார்: "என் வண்டிலயும் இந்த சரக்குதானா, பாய்?"

"இன்னா சார், இருவது வருசமா பாக்குறீங்க, இப்டி கேக்குறீங்களே" என்றார் பாய்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இவன் நேத்து பூரா ஆத்துலதான் இருந்தான். சொல்லேண்டா, யாராவது எதையாவது ஊத்தினாளா?"

"இல்லை மாமா" என்றேன்.

பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். குழாயெல்லாம் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றி, பெடலைக் கையால் பத்துத் தடவை அழுத்திக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அது எழுந்தது. கூலி கேட்காமல் போனார். வக்கீல் அடுத்த வாரமே வேறு ஆளைப் பிடித்தார், ஒவ்வொருவராக மற்றவர்களும். தீபாவளிக்குள் எங்கள் தெருவில் பாயின் ஸ்பேனர்கள் நிறைந்த கான்வாஸ் பையைப் பார்க்க முடியாமல் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை மதியம் மாமா ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டே, "இவாளையெல்லாம் நம்பினா இப்படித்தான்" என்றார். எனக்கும் இலையில் ரசம் இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

மாமா காலமான பிறகு கார் என்னிடம் வந்தது. அடையாறு வீட்டில் நிற்கிறது. பெடல் ஒழுங்காக எழுகிறது. இதை எழுதத் தொடங்கியபோது, அது சனிக்கிழமைதானா என்று உறுதி செய்ய என் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். யாரும் படிக்காத நோட்டு. அதிலாவது உள்ளதை எழுதியிருப்பேன் என்ற நம்பிக்கை இருந்தது. கிழமை சரி. காலையில் தூறல், சரி. மதியம் எலுமிச்சை ரசம், அதுவும் சரி. அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: "பாய் போட்ட ரப்பர் மட்டம். மாமா கண்டித்தார்."

யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறேன்.