ஃபோரல் என்ற சொல்லும் ஒரு பொன்னாடையும்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மங்கரேயில், விமானச் சரக்குக் கிடங்கில் எனக்குப் பொதி கட்டும் வேலை. சில வருடங்களுக்கு முன், ஏலத்தில் விலைபோன பழைய புத்தகமொன்று தோல் உறைக்குள் வந்தது. கூட இருந்த தாளில் அந்த உறையை ‘ஃபோரல்’ என்று எழுதியிருந்தார்கள். கிடங்கிலிருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. அவர்களுக்கே தெரியாத ஆங்கிலம் என்றதும் எனக்கு விசர் பிடித்துவிட்டது.

இரண்டு குளிர்காலம் நூலகத்தில் கிடந்தேன். மத்தியகால இங்கிலாந்தில் புத்தகத்தைக் காக்கும் உறைக்கு அந்தப் பெயர். பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதன் தாய்ச்சொல் வாளுறையைக் குறித்தது. உறையிடுவது என்பது மெல்ல ஆடைக்கு உள்ளே மென்மயிர்த் தோல் வைத்துத் தைப்பதாகி, இன்றைய ‘ஃபர்’ கோட்டின் பெயரும் அதே வயிற்றில்தான் பிறந்தது. ஃபோரலோ அட்டைக்குப் போடும் ஒருவகைத் தோலின் பெயராகச் சுருங்கி, வழக்கிலிருந்தே போய்விட்டது.

இதையெல்லாம் எழுதி ஒருவரிடம் மட்டும் காட்டினேன். மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து தினமும் என் காரில் வேலைக்கு வரும் நண்பர். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் இதைப் பேசலாமே என்றார். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவரிடம் சொன்னேன். வாசிக்கவென்று நான் எழுதிய கொப்பியை வாங்கிப் போனார்.

விழாவில் அவரே பேசினார். “நான் தேடிக் கண்டது” என்று தொடங்கி, என் வரிகளை வரிசை மாறாமல் சொன்னார். ஓரிடத்தில் நான் நூற்றாண்டைப் பிழையாக எழுதியிருந்தேன். அந்தப் பிழையையும் விடவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் செயற்குழுவில் முறைவைத்து நடக்கும். அன்றைக்கு என் முறை. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் மேடையில் பொன்னாடை போர்த்த மறுப்பது செத்தவீட்டில் சிரிப்பது மாதிரி. போனேன்.

ஒலிவாங்கி எனக்கு எதிரே இருந்தது. ‘இது என்னுடைய எழுத்து’ என்று சொன்னால் போதும். சபை காத்திருந்தது. பொன்னாடைக்குத் தோளைத் தாழ்த்திய நண்பர் என் காதில் சொன்னார்:

“கோவிக்காதையும். நீர் ஒருநாளும் மேடையில கதைக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்தானே.”

அவர் சொன்னது பிழையில்லை. போர்த்தினேன், சுருக்கத்தை நீவிவிட்டேன், படமெடுக்க அவர் பக்கத்தில் நின்றேன். சங்கம் அனுப்பிய அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.