சந்தனப் பொட்டு வைத்த பிரிண்டர்

பிரிண்டருக்கு சாமிக் குற்றம் வந்துவிட்டது என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருஷமாகக் கிராணி என்கிற குமாஸ்தா வேலை, மூன்று மொழியில் கடிதம் அடிக்கத் தெரிந்த கை. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு காலை நேரம் பூராவும் இதை நம்பினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் தோட்டத்தில் டிராக்டர், லோரி, குலை வெட்டும் அரிவாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அன்றைக்கு ஒன்றையும் தொடமாட்டோம். ஆயுதங்களுக்கு ஓய்வு நாள். ஆபீசில் எங்கள் ஆயுதம் மூன்று கம்ப்யூட்டரும், மூன்றுக்கும் பொதுவான ஒரே பிரிண்டரும்தான். அதன் நெற்றியில் தாராளமாகச் சந்தனம் அப்பியவன் நான். பூஜை முடிந்து எல்லோரும் வெளியே போனதும் பூனை மாதிரி உள்ளே வந்து, ஓய்வில் இருந்ததை எழுப்பி ஒரே ஒரு தாள் அடித்தவனும் நான்தான். ‘சுண்டல் நாலரை மணிக்கு’ என்ற அறிவிப்பு. கையால் எழுதியிருக்கலாம். என் கையெழுத்து எனக்கே புரியாது.

மறுநாள் காலை மூன்று கம்ப்யூட்டரும் ஒரே குரலில் சொல்லின: பிரிண்டர் ஆஃப்லைன்.

வேறு நாளாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் எங்கள் டிராக்டர் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவர் மனைவிக்குக் கிள்ளானில் பித்தப்பைக் கல் ஆப்ரேஷன். செலவைத் தோட்டம் ஏற்றுக்கொள்ளும் என்ற கேரண்டி லெட்டர், மேனேஜர் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் முத்திரைச் சாப்பும் குத்திய அசல், மதியம் இரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்கு. வலியோடு நாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி அது. தலைமை ஆபீஸ் அனுமதியே அன்று காலைதான் வந்தது. லெட்டரோ எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கிற ஃபாரம், வெளியே கடையில் அடிக்கவும் வழியில்லை. மேனேஜர் பதினோரு மணிக்குக் கோலாலம்பூர் கிளம்புகிறார். ஆபீஸ் வாசலில் டிரைவருடைய மச்சான் காரில், மடியில் பையை வைத்துக்கொண்டு அந்தம்மா உட்கார்ந்திருந்தார்.

“கிராணியாரே, ஆச்சுங்களா?”

“அஞ்சே நிமிஷம்லா.”

“இதே அஞ்சு நிமிஷத்தத்தான் ஒம்பது மணிக்கும் சொன்னீங்க.”

நான் பிரிண்ட் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அமுக்கினேன். பயந்தவனுக்கு விரல் நிற்காது. பிறகு பிரிண்டரை அணைத்துப் போட்டேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், போகிற போக்கில் விசிறியையும் அணைத்துப் போட்டேன். தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தால் வெறும் சங்கீதம். சந்தனம் உள்ளே இறங்கி எதையோ அடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் தோன்றியது. இல்லை, இது ஓய்வு நாளில் எழுப்பியதற்குத் தண்டனை என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நான் செய்த வேலை என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கைக்குட்டையை நனைத்துக்கொண்டு போனேன்.

பக்கத்து மேசையில் அறுவடைக் கணக்கு பார்ப்பவள் ஜெராமிலிருந்து வருகிறவள். மாதா கோயில் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

“அண்ணே, அது நெத்தியில என்ன பண்றீங்க?”

“பொட்டத் தொடைக்கிறேன்.”

“நேத்து வச்சது நீங்கதானே?”

“அதனாலதான் நானே தொடைக்கிறேன்.”

துடைத்து முடித்ததும் புதுப் பயம் வந்தது. வைத்த பொட்டை மறுநாளே அழிக்கலாமா? மேசை டிராயரில் இருந்த குங்குமத்தை எடுத்து, கடுகளவு வைத்தேன்.

“இப்ப என்னண்ணே?”

“சின்னதா வச்சா உள்ள போவாதுல்ல.”

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. சுண்டல் நோட்டீஸ் விஷயத்தை எல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டேன். சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்காமல் கேட்டாள்: “சுண்டலுக்கு நோட்டீஸ் அடிச்சதுக்கா சாமி கோவிச்சுக்கும்? அது சாமிக்குப் படைச்ச சுண்டல்தானே?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்து நாற்பது.

“மொதல்ல இது செத்துப் போச்சான்னு இதுகிட்டயே கேப்போம்” என்று எழுந்து வந்தாள். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிரிண்டரின் சொந்தப் பட்டன்களை, ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கினாள். உள்ளே ஏதோ உறுமியது. தடதடவென்று உருளைகள் சுற்றின. ஒரு தாள் வெளியே வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. உயிரோடு இருக்கிறது. மை இருக்கிறது, மூச்சு இருக்கிறது. டிரைவர் தாளைப் பார்த்துவிட்டு, “இதுவாங்க லெட்டர்?” என்று கையை நீட்டினார். “இல்ல, இது அதோட ஐசி” என்றாள் அவள்.

உண்மையாகவே அடையாள அட்டைதான். பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே அடித்துக் கொடுத்த தாள். நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு நீள நம்பர், நெட்வொர்க்கில் அதன் விலாசம். கடைசியில் 27 என்று முடிந்தது. என் கம்ப்யூட்டரைத் திறந்து, அது எந்த விலாசத்துக்குத் தாளை அனுப்புகிறது என்று பார்த்தாள். கடைசியில் 20.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வீடு மாறிப் போனவனைத் தேடிப் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, மூன்று கம்ப்யூட்டரும் காலையிலிருந்து காலி வீட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

“எப்படி நம்பர் மாறுச்சு?” என்றேன், ஏதோ அடுத்தவன் குற்றத்தை விசாரிப்பவன் மாதிரி.

“நேத்து சாமி படத்துக்குக் கலர் பல்ப் போட்டீங்களே, கரண்ட் எங்கேர்ந்து எடுத்தீங்க?”

அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் கொடுக்கிற வெள்ளைப் பெட்டி பச்சை பச்சையாகக் கண்ணடித்தது. நேற்று சுண்டல் நோட்டீஸ் அடித்த பிறகு, பல்புக்குப் பிளக் போட இடமில்லாமல் நான் பிடுங்கியது அதன் வயரைத்தான். சாயங்காலம் பொறுப்பாகத் திரும்பச் சொருகியும் விட்டேன். அது எழுந்ததும் எல்லோருக்கும் புதுசாக நம்பர் பங்கு போட்டிருக்கிறது. பிரிண்டருக்கு 27 விழுந்திருக்கிறது.

அவள் 20-ஐ அழித்து 27 என்று தட்டினாள். மணி பத்து ஐம்பத்திரண்டு. உருளை சுற்றியது. லெட்டர் வந்தது.

நின்றால்தானே. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. காலையிலிருந்து நான் அமுக்கியதெல்லாம் வரிசையில் நின்றிருக்கின்றன. ஒவ்வொன்று விழும்போதும் டிரைவர் பக்தியோடு எடுத்து அடுக்கினார். மேனேஜர் கார் சாவியோடு வெளியே வந்தபோது பதினேழு. கட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், இவருக்கு எத்தனை மனைவி என்று மலாயில் கேட்டார்.

“சத்துதான், என்சிக்” என்றார் டிரைவர், ஒன்றுதான் என்று ஒரு விரலைக் காட்டி. “அதுவும் கார்ல ஒக்காந்திருக்கு.”

மேலே இருந்ததில் கையெழுத்து விழுந்தது. நான் சாப்பைக் குத்தினேன். அவசரத்தில் கோணலாக விழுந்தது, ஆனால் எழுத்து தெளிவு. டிரைவர் லெட்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். கார் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜெராம் ரோட்டுப் பக்கம் திரும்புகிறவரை இரண்டு பேரும் ஜன்னலில் நின்றோம். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன். அவளும் தட்டினாள்.

ஒன்று நாற்பதுக்குப் போன் வந்தது. கவுண்டரில் லெட்டரை வாங்கிக்கொண்டார்கள், மூன்றாம் மாடியில் ஜன்னல் ஓரத்துக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்றார் டிரைவர். மறுநாள் காலை அந்தம்மாவுக்கு ஆப்ரேஷன் நடந்தது.